கச்சைகட்டிக் கிடாவும் அரைக்கிலோ ரோஸ் மையும்

அச்சங்குளம் வழி,
சாத்தூர் வட்டம்.
26.9.2025

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கதிரவன் அவர்களுக்கு, மாமா தனுஷ்கோடி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ஐந்து ஆடுகளும் சுகம். அங்கே ஓசூரில் நீங்களும், மகள் பானுப்பிரியாவும், பேத்தி சுகிர்தாவும், ஒன்பது நாளாக என் போனை எடுக்காமல் இருக்கும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்குக் கம்பெனியில் ஷிப்டு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் நம் வீட்டு ஆட்கள் சொல்லி அல்ல, டீக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பரவாயில்லை.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வீடியோவில் கூப்பிட்டால் பிள்ளை போனைப் பிடுங்கிக்கொள்கிறது. பாதி நேரம் உங்கள் வீட்டு மின்விசிறியையும், மீதி நேரம் பிள்ளையின் மூக்கையும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். "தாத்தா பேசுறேன்" என்றால் "மே எங்க" என்று கேட்கிறது. ஆட்டைக் காட்டினால்தான் சிரிக்கிறது. அதற்கு என் பெயரே இப்போது மே தாத்தா என்று ஆகிவிட்டது. அது போகட்டும். இந்த விஷயத்தை உங்கள் அத்தைக்கு எழுதினால் பிரிக்காமலேயே அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவாள். பானுவுக்கு எழுதினால் அழுவாள். நீங்கள் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். முழுதாகப் படித்து எது சரக்கு, எது கழிவு என்று பிரித்துச் சொல்வீர்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன். மாமனார் மருமகனுக்கு எழுதக்கூடாத விஷயம் இது. எழுதாமலும் முடியவில்லை.

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணவரை இழந்த முருகம்மாள் வீட்டு நீலக் கதவில், இடுப்புக்குக் கீழே, ரோஸ் நிறத்தில் பெரிய அப்பல். படத்தின் ஓரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு. வலது வார் அறுந்து நீல நூலால் தைத்த செருப்பு, அது என்னுடையது. அதே ரோஸ் நிறம் என் சட்டையின் முதுகிலும் இருப்பதை ஊரே பார்த்திருந்ததால், படத்துக்குக் கீழே யாரும் எதுவும் எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. உங்கள் அத்தை ஊரை விட்டுப் போனாலும் குழுவை விட்டுப் போகவில்லை. அவள் பார்த்தாள். கூப்பிட்டாள். திட்டினாள். வைத்தாள். அதோடு சரி. முந்தாநாள் வரை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். நேற்றிலிருந்து இரண்டு தடவையாகக் குறைத்துவிட்டேன், பிள்ளை தூங்குகிற நேரமாக இருந்தால் எழுந்துவிடுமே என்று.

கதவுக்கு வர வேண்டுமானால் ஆட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் அத்தை பேறுகாலத்துக்கு ஓசூர் வந்தபோது, பிள்ளை குப்புற விழுந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னாள். குப்புற விழுந்தது. உட்காரட்டும் என்றாள். உட்கார்ந்தது. நடக்கட்டும் என்றாள். பிறகு பேசட்டும் என்றாள். இப்போது பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட ஆள் இல்லை என்கிறாள். நான் குறை சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை யாரிடம் விடுவீர்கள். ஆனால் சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் முப்பத்திநாலு வருஷம் ஆப்செட் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பேசிப் பழகியவனை, ஓய்வுபெற்ற ஐந்தாம் மாதம் ஒரு வீட்டுக்குள் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. குக்கர் விசில் அடித்தால் "வர்றேன், வர்றேன்" என்று பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் சாத்தூரில் செம்மறி வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி என்றார்கள். மதியச் சாப்பாடும் ஒரு கையேடும் உண்டு. நான் சாப்பாட்டுக்காகவும் போகவில்லை, ஆட்டுக்காகவும் போகவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருப்பார்களே என்று போனேன். கையேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் படம் போட்டு, எதிரே 'பயன்' என்று ஒரு கட்டம். மேச்சேரி என்றால் தோலுக்கு. வெம்பூர் கறிக்கு. கீழக்கரிசல் கறிக்கும், வயலில் கிடை போட்டு எருவாக்குவதற்கும். நீலகிரி மெல்லிய கம்பளிக்கு. கோயம்புத்தூர் ஆடு முரட்டுக் கம்பளிக்கு. எந்த ஆட்டுக்கு எதிரேயும் அந்தக் கட்டம் காலியாக இல்லை. எனக்கு எதிரே அப்படி ஒரு கட்டம் போட்டால் அதில் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் குடற்புழு நீக்கம் பற்றிய பாடத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

பயிற்சி முடிந்த கையோடு ஆடு பிடிக்கக் கிளம்பினேன். புத்தி உள்ளவன் ஒரே இனமாகப் பத்து பிடிப்பான். நான் பிரஸ்காரன், நிறம் பார்த்துப் பிடித்தேன். முதலில் ஒரு வெம்பூர்ப் பெட்டை. வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள், தொங்கு காது, நல்ல உயரம். நம் வெயிலுக்கு அசையாத ஆடு. எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு. நாலு கலரும் ஒன்றோடு ஒன்று சேராமல் பதிவு தப்பி விழுந்த தாள் மாதிரி இருந்தது, பார்த்ததும் மிஷினை நிறுத்தக் கை போனது. பிறகு ஒரு கீழக்கரிசல், மேலே கடும்பழுப்பு, வயிறும் காலும் கருப்பு. பிறகு ஒரு ராமநாதபுரம் வெள்ளை, சுத்தமான ஆர்ட் பேப்பர். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மேச்சேரி, இளம்பழுப்பு, கொம்பே கிடையாது. கருப்பு மட்டும் குறைந்தது. அதற்காக வாடிப்பட்டி வரை போய் ஒரு கச்சைகட்டிக் கருப்புக் கிடா பிடித்து வந்தேன். கால்நடை டாக்டர் பிரீத்திகா, உங்கள் வயதுதான் இருக்கும், வந்து பார்த்தார். வரிசையாகக் கட்டியிருந்த ஐந்தையும் பார்த்துவிட்டு, "ஐயா, இது பண்ணையா, காலண்டரா?" என்று கேட்டார். இனத்துக்கு இனம் கலந்தால் எதன் குணமும் நிற்காது என்று கோபித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு மணி நேரம் இருந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார். நல்ல பெண்.

பயன் என்று பார்த்தால், கையேட்டில் போட்டிருப்பதை எல்லாம் நான் செய்துபார்க்காமல் இல்லை. எருவுக்காக நம் ஒரு ஏக்கர் கரிசலில் கிடை போட்டேன். ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போகும் கீதாரிகள் நூறு, இருநூறு ஆட்டை அடைத்து ராவோடு ராவாக வயலை முடிப்பார்கள். நான் ஐந்து ஆட்டை வலைக்குள் அடைத்து, தினமும் வலையை நாலடி தள்ளி வைத்தேன். பக்கத்து நிலத்துக்காரர் ஊர்க்காவலன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இப்படியே போனீகன்னா ஏக்கரு முடியிறதுக்குள்ள ஒங்க பேத்தி பத்தாங்கிளாஸ் முடிச்சிருவா" என்றார். முடித்தால் நல்லதுதானே, உங்கள் அத்தைக்கு அப்போதாவது வேலை இருக்காது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கம்பளியையும் விடவில்லை. போன கார்த்திகையில் உங்கள் அத்தை போனில், "இங்கன குளிரு தாங்கல. அம்புட்டு ஆடு வச்சிருக்கீகளே, பிள்ளைக்கு ஒரு குல்லாவுக்கு ஆகாதா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று மதியமே கத்தரிக்கோலை எடுத்து ராமநாதபுரம் வெள்ளையை உட்காரவைத்து, வால் வரை கத்தரித்து, ஒரு மஞ்சப்பை நிறையச் சேர்த்துவிட்டேன். டாக்டர் பிரீத்திகா பையைத் திறந்து, ஒரு பிடி எடுத்து விரலில் திரித்துப் பார்த்தார். பிறகு, நம் தெற்கத்தி ஆட்டுக்கெல்லாம் உடம்பில் இருப்பது ரோமம்தான், கம்பளி இல்லை, இதில் குல்லாவும் வராது, கயிறும் வராது என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஆடு மழையில் நடுங்கிக்கொண்டு நின்றபோது போகிற வருகிறவர்கள் எல்லாம், "யாருக்கு நேந்துக்கிட்டு மொட்ட போட்டீக?" என்று விசாரித்தார்கள். அந்தப் பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. தோலைப் பற்றி நான் எதுவும் செய்யவில்லை. சாயங்காலம் கையேட்டைச் சத்தமாகப் படிக்கும்போது மேச்சேரி பக்கத்தில் இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டுப் படிக்கிறேன்.

இப்போது கிடா. மதுரைப் பக்கம் இந்தக் கருப்பை முட்டுச் சண்டைக்கு வளர்ப்பார்கள். முறுக்குக் கொம்பு, தூண் மாதிரிக் கழுத்து. இப்படிப்பட்ட கிடாவை ஒருவன் சிரித்த முகமாக அவிழ்த்துக் கொடுக்கிறானே என்று நான் யோசித்திருக்க வேண்டும். வந்த அன்று மதியமே காரணம் தெரிந்துவிட்டது. நமக்குச் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். மதியமானால் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள், நமக்கு அது காதில் விழுவதுகூட இல்லை. முதல் வெடிக்கு அந்தச் சண்டைக்கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்து, கட்டிலில் படுத்திருந்த என் முதுகில் நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. வாடிப்பட்டியில் கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டபோது களத்தில் எதிர்க்கிடாவை விட்டுவிட்டுப் பார்வையாளர் மேல் சாய்ந்துவிட்டதாம். அதனால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதன் பழக்கம் இதுதான்: சத்தம் கேட்டால் பக்கத்தில் எது நிற்கிறதோ, ஆளோ சுவரோ, அதில் நெஞ்சை வைத்து அழுத்தி நிற்கும். சத்தம் இல்லாத நேரத்தில், சத்தம் வந்துவிடுமோ என்று என் பின்னாலேயே வரும்.

ஆவணி முதல் தேதி டாக்டர் ஒரு யோசனை சொன்னார். கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசிவிட வேண்டும். எந்தப் பெட்டையோடு சேர்கிறதோ அதன் முதுகில் நிறம் ஒட்டும். தேதியைக் குறித்துவைத்தால் ஐந்து மாதம் கழித்து எப்போது குட்டி என்று தெரிந்துவிடும். நல்ல யோசனை. காவிக்கு எங்கே போவது? என்னோடு பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் நின்ற தங்கப்பாண்டியன், எனக்கு மிச்சமிருக்கும் ஒரே சிநேகிதன், பழைய மெஜந்தா டின் ஒன்று, அரைக்கிலோ, கொண்டுவந்து கொடுத்தான். ஊரில் அதை ரோஸ் மை என்பார்கள். கிடாவோ கருப்பு. கருப்புத் தாளில் ரோஸ் அடித்தால் தெரியுமா? முப்பத்திநாலு வருஷம் மிஷினில் நின்றவனுக்கு இது புத்தியில் உறைக்க வேண்டாமா? பூசினேன், தெரியவில்லை. இன்னும் பூசினேன். டின் காலி. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஆப்செட் மை தாள் குடித்தால்தான் காயும். ஆட்டு மயிர் குடிக்காது. ஆகவே அந்த மை ஒரு மாதம் வரை காயவே இல்லை.

முதல் வாரம் எல்லாம் முறைப்படி நடந்தது. வெம்பூர், கீழக்கரிசல், மொட்டை போட்ட ராமநாதபுரம் வெள்ளை மூன்றின் முதுகிலும் ரோஸ். தினசரிக் காலண்டர் தாளில் தேதி குறித்தேன். கணக்குப்படி பொங்கலை ஒட்டிக் குட்டி. மேச்சேரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ரேஷன் கடைச் சுவரில் ரோஸ். அடுத்த நாள் கரண்டுக் கம்பத்தில். பால்காரரின் பைக்கில். மளிகைக்கடை முதலாளி லட்சுமிகாந்தம் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு நின்ற பட்டு வேட்டியில். அவரிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஏலே தனுஷ்கோடி, எனக்கும் தேதி குறிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு வேறு வேட்டி மாற்றப் போனார். மனுஷனுக்குப் பெரிய மனசு.

வேன் விஷயம்தான் கொஞ்சம் முற்றிவிட்டது. காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்ற வரும்போது நான் பஸ் ஸ்டாப்பில் நிற்பது வழக்கம். வேன்கள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்ப்பேன். ஓய்வுபெற்றவனுக்கு இப்படி ஒரு பொறுப்பு வேண்டும். கிடா வேனின் பின்கதவில் சாய்ந்திருக்கிறது, ஏறின பெண்களின் சேலையிலெல்லாம் ஒட்டியிருக்கிறது. கம்பெனி கேட்டில் காவலாளி, என்ன வெடிமருந்து கொட்டியது என்று வேனை அங்கேயே மறித்து, ஃபோர்மேன் வந்து, மணலும் தண்ணீருமாகத் தயாராகி, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்து, இது மருந்தில்லை, அச்சு மை என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. தீபாவளி சீசனில் அரைமணி என்றால் சும்மாவா. அதில் போன செல்வலட்சுமி சாயங்காலம் இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, "வேனுக்கு எப்ப குட்டின்னு காலண்டர்ல குறிச்சாச்சா சித்தப்பா?" என்று கேட்டாள். நான் கோபப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மாதம் போல நான் ஊரில் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. தெருவில் இறங்கினால் நாலு பேர் நிறுத்திக் கேலி பேசினார்கள். மை தேயத் தேய அதுவும் குறைந்துவிட்டது.

இதற்கு நடுவில் வேறு ஒன்று நடந்தது. மை எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று துடைக்கப் போனால், அது ஒழுங்கான ஒரு வரிசையில் இருந்தது. என் வீட்டு வாசலில் ஆரம்பித்து, டீக்கடை பெஞ்சு, லைப்ரரி வாசல், உங்கள் அத்தையின் தம்பி வீட்டுப் பூட்டிய கேட்டு, மறுபடி டீக்கடை, கம்மாக்கரை மடை, முருகம்மாள் வீட்டுக் கதவு; இதற்கெல்லாம் முன்னால், காலையிலேயே, பஸ் ஸ்டாப். பஸ் ஸ்டாப் தூணில்தான் அதிகம், ஒன்றின் மேல் ஒன்றாக இருபது, முப்பது தடவை. கிடா கெட்ட ஊர்சுற்றி என்று நான் முருகம்மாளிடம் சொன்னேன். அவள் கம்பெனியில் திரி வைக்கிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஆடு எங்கண்ணே சுத்துச்சு. அது ஒங்க பின்னாடில்ல வந்துச்சு" என்றாள். போனில் உங்களிடமெல்லாம் நான் பண்ணையில் மூச்சுவிட நேரமில்லை என்றுதான் சொல்லிவந்தேன். நாள் முழுக்க எங்கெங்கே போய் உட்காருகிறேன் என்று கிடா ஊருக்கே அச்சடித்துக் கொடுத்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு இடம். மனுஷனிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்கு எட்டு இடம்.

முருகம்மாள் வீட்டுக் கதவுக்கு நியாயமான காரணம் உண்டு. வீட்டில் நானே சமைத்துக்கொள்வதாக உங்கள் அத்தையிடம் சொன்னது பாதி உண்மை. சோறு நான் வடிப்பேன். குழம்பு முருகம்மாள் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் வரும், பதிலுக்கு நான் சட்டியைக் கழுவிக்கொண்டுபோய் வாசலில் வைப்பேன். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், அவள் கணவர் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். சட்டியை வைத்துவிட்டு நான் நிற்கும்போது சாம்பிள் வெடி போடுவார்கள், கிடா கதவில் சாயும். நடந்தது இவ்வளவுதான். இதைப் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டவன் மனுஷ ஜென்மமா என்று நீங்களே சொல்லுங்கள். படம் தங்கப்பாண்டியன் எண்ணிலிருந்து வந்திருக்கிறது. அவனைக் கேட்டால், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறான். போனை டீக்கடை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறவன், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்கிறான். என் செருப்பு படத்தில் இருக்கும்போது நான் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், ஆனாலும் எடுத்தவன் என் கண்ணில் படவில்லை. அவ்வளவு கைகாரன். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் தங்கப்பாண்டியனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவனும் இப்போது என்னோடு பேசுவதில்லை.

ஆட்டைக் கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் மாமா என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. நான் வந்து பதினொரு நாள் இருந்தேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் ஷிப்டு, பானு ஆபீஸ், உங்கள் அத்தைக்குப் பிள்ளை. நாலாவது மாடியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே லிப்டு வருகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே தனியாக இருப்பதற்கு இங்கே தனியாக இருக்கலாம், இங்கே திட்டவாவது ஆடு இருக்கிறது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முருகம்மாள் வீட்டில் சாப்பிட்டது குழம்பு. கதவில் உள்ளது ஆடு. என் முதுகில் உள்ளதும் ஆடு. மை எல்லாம் தேய்ந்து போய்விட்டது, பேச்சும் ஓய்ந்துவிட்டது. இதை உங்கள் அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஒரே ஒரு தடவை போனை எடுக்கச் சொல்லுங்கள். அவளை ஊருக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்கும் வர வேண்டாம், பொங்கலுக்குக் குட்டி போடும்போதும் வர வேண்டாம், மூன்று பேறுகாலத்தையும் நானே பார்த்துக்கொள்வேன். பிள்ளை வேனில் ஏறுவதுதான் முக்கியம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பேத்தி சுகிர்தாவுக்கு இந்தத் தாத்தாவின் ஆசிகள். குளிருக்குக் கடைக் குல்லாவே நல்லது. பானுவைத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஆபீஸ் போக வேண்டாம் என்று சொல்லவும். உங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் எல்லா நலனும் நிறையட்டும். ஐந்து ஆடுகளின் சார்பிலும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமா,
தனுஷ்கோடி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போய்விட்டுத் திரும்பி வந்து எழுதுகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு இதை மட்டும் உங்கள் அத்தையிடம் காட்டுங்கள். அந்தப் படத்தை எடுத்ததும் நான், போட்டதும் நான். என் போனில் சார்ஜ் இல்லை, டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தங்கப்பாண்டியனிடம் போனை வாங்கிக்கொண்டு போய், சட்டியை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு எடுத்தேன்; போனைக் கொடுத்த அவனுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. நாளைக் காலை முதல் வேலையாக அவன் காலிலும், அடுத்து முருகம்மாள் வாசலிலும் விழப்போகிறேன். ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். இந்த இரண்டு வருஷம் எட்டு மாதமாக நல்லது சொன்னால் "சரி" என்கிறாள், கெட்டது சொன்னால் "பாத்துக்கிடுங்க" என்கிறாள், அதற்குள் பிள்ளை அழுகிறது, வைத்துவிடுகிறாள். படம் போன அன்று அவளாகக் கூப்பிட்டாள். பதினொரு நிமிஷம் பேசினாள், போனில் காட்டியது. "எங்குழம்புக்கு முப்பது வருசமா உப்பில்ல, புளியில்லன்னவரு, அடுத்த வீட்டுச் சட்டிய கழுவிக் குடுக்கீகளாக்கும்" என்று தொடங்கினாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன். வீடு முழுக்க அவள் சத்தமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. தொங்கு காதுக்காரி வெம்பூர்கூடத் தலையைத் தூக்கிக் கேட்டாள். சாப்பிட்டீகளா என்று மட்டும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

மேலே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறேனே, அதுவும் பொய். பஸ் ஸ்டாப்பில் வேன் பார்க்க நிற்கிறேன் என்று எழுதியதும் பொய். ஓசூரிலிருந்து வருகிறவர்கள் சாத்தூரில் இறங்கி, காலை ஏழேகால் டவுன் பஸ்ஸில்தான் ஊருக்கு வருவார்கள். நேரில் வந்து திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால், எந்தத் தேதி என்று போன் பண்ணிச் சொல்லக்கூட வேண்டாம். நான் தினமும் அங்கேதான் நிற்கிறேன்.